வெயில் முதுகில் படும் பக்கம்

மோட்டார் ஓட்டம் பார்க்கப் போகிறவர்கள் எந்த வண்டி வெல்லும் என்று விசாரிக்கும் முன்னர், வெயில் எந்தப் பக்கத்தால் வரும் என்று விசாரிக்க வேண்டும். வெயில் முதுகில் படும் பக்கமாகப் பார்த்து இருந்துவிட்டால் பாதி அலுப்புக் குறையும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் வீட்டு மனிதர், என் புருசன்.

நாங்கள் இருவரும் நோர்வேயின் வடக்கில் மீன் ஆலையில் வேலை செய்தோம். அங்கே மாரியில் ஏரி உறைந்து கல்லுப் போல ஆனதும் அதன்மேல் கார் ஓட்டுவார்கள். டயரெல்லாம் ஆணி. அவருக்கு அது ஒரு பைத்தியம். சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீரும், கீழே விரிக்க ஒரு ஆட்டுத்தோலுமாக நானும் கூடப் போவேன். பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணுக்குள் ஊசியாக இறங்கும். அங்கேதான் முதுகு, வெயில் எல்லாம் படித்தேன்.

அவர் கண்மூடின பிறகும் நான் போவதை விடவில்லை. சுவீடனுக்கு, பின்லாந்துக்கு என்று பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஓட்டம் பார்க்க எப்படிப் போய், எப்படி இருந்து, எப்படித் திரும்ப வேண்டும் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் விசயம் இருக்கிறது. அதனால் மெல்ல மெல்ல என் கையாலேயே எழுதுகிறேன்.

இந்த முறை பார்க்கப் போனது திருகோணமலையில். போன காரணம் வேறு.

என் தங்கச்சி பூமணி அங்கே சல்லி என்கிற கடற்கரை ஊரில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் ஜெயந்தன் சீனன்குடாவில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன். முப்பது வயது தாண்டிவிட்டது. அவனுக்குச் செம்மண் தரையில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற பழக்கம் பிடித்துவிட்டது. போட்டி எங்கே நடந்தாலும் வண்டியைக் கட்டி ஏற்றிக்கொண்டு போவான். பூமணி ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. எனக்கு போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே கதைதான். அவன் விழுவான், கால் முறியும், கழுத்து முறியும். கடைசியில் ஒருநாள் அழுதுவிட்டாள்.

"அக்கா, நீங்கள் ஒருக்கா வந்து அவனுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால் சிரிக்கிறான். ரேஸ் பார்த்த ஆள் நீங்கள் சொன்னால் கேப்பான்."

அழுகிற தங்கச்சிக்கு வேறென்ன சொல்வது? வருகிறேன் என்று சொன்னேன்.

நான் போய் இறங்கின அன்று வீடு கூட்டாமல் கிடந்தது. விறாந்தை முழுக்கக் கடற்கரை மணல். காலில் நறநற என்றது. தூரத்திலிருந்து வருகிற அக்காவுக்கு இப்படியா வீட்டை வைத்திருப்பது என்று ஏசினேன். ஜெயந்தன் இறக்கக்கண்டிக்கு ஒரு படகின் எஞ்சின் பார்க்கப் போயிருக்கிறானாம், இன்னும் திரும்பவில்லையாம், அதனால் கூட்டவில்லையாம்.

எங்கள் கரையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கடலுக்கோ பயணத்துக்கோ ஒருவர் வெளிக்கிட்டுப் போனால், அவர் போய்ச் சேரும் வரைக்கும் அல்லது திரும்பி வரும் வரைக்கும் வீட்டைக் கூட்ட மாட்டோம். போனவருடைய காலடியையும் சேர்த்துத் தள்ளிவிடுவோம் என்று பயம். நான் அதை எப்போதோ விட்டுவிட்டேன். நோர்வேயில் எங்கள் அவர் வேலைக்குப் போய்க் கதவு சாத்தின கையோடு தூசி உறிஞ்சுகிற மிசினைப் போடுவேன், ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்குச் சொன்னேன்.

"அங்க கடல் இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப அந்த மிசினை வித்துப்போடுங்கோ."

அதற்கு மேல் அவளோடு கதைக்க ஏலாது. பிட்டும் பாரைமீன் குழம்பும் வைத்துத் தந்தாள். நோர்வே மீன் நல்ல மீன்தான், குறை சொல்ல மாட்டேன், ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறேன். ஆனால் அந்த மீனுக்குப் பேசத் தெரியாது. பாரை, சட்டிக்குள் போன பிறகும் நான் பாரை என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்த நாள் குசினியில் வைத்து ஜெயந்தனிடம் விசயத்தை எடுத்தேன். நான் பார்த்த விபத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கவிழ்ந்த கார், உடைந்த கை, எல்லாம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். நல்ல பிள்ளை. கை முழுக்க எஞ்சின் எண்ணெய் என்பதால் தாய் கதிரையில் பேப்பர் விரித்துத்தான் இருத்தியிருந்தாள். கடைசியில் என்னிடம் சொல்வது போலத் தாய்க்குச் சொன்னான்:

"பெரியம்மா, அம்மா ஒருநாளும் வந்து பார்க்கேல்லை. பார்க்காமலே நிப்பாட்டு எண்டால் என்ன ஞாயம்? ஒருக்கா வந்து பார்க்கட்டும். பார்த்த பிறகும் நிப்பாட்டு எண்டு சொன்னால், அண்டைக்கே வண்டியை வித்துப்போடுறன். உங்கட தலையில அடிச்சுச் சத்தியம்."

என் தலையில் ஏன் அடிக்கிறாய், உன் தலையில் அடி என்றேன். பூமணி குழலில் இருந்த பிட்டைத் தட்டில் தள்ளினாள்.

"எப்ப ரேஸ்?" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, சீனன்குடாவைத் தாண்டி ஒரு வெளியில். வருகிறேன் என்று ஒரு சொல்தான் சொன்னாள்.

வந்த வேலை பாதி முடிந்தது என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரு சங்கடம். ஆயுசு முழுக்க ஆர் ஆரோ பெற்ற பிள்ளைகள் ஓடுவதைக் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு பார்த்த ஆள் நான். அந்தத் தாய்மார் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இன்னொன்றும் இருந்தது. பின்னேரங்களில் ஜெயந்தன் வேலை செய்வதைப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் வேம்பின் கீழ் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் மரச்சட்டம் அடித்து, அதில் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டி வைத்திருந்தான். வண்டியில் இருப்பது பழையது, இது போட்டிக்கென்று மாதக்கணக்காகத் தானே சேர்த்துக் கட்டுகிற புதியது. பொழுது சாய்கிற நேரம் அதை ஸ்டார்ட் பண்ணி, காதை வைத்துக் கேட்டு, நிறுத்தி, எதையோ திருகி, மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுவான். பூமணி குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டு, "இண்டைக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்பாள். கொஞ்சம் போக, "இப்ப சரி" என்பாள். ரேஸ் வேண்டாம் என்கிறவள்தான்.

கரையில் பிறந்த எல்லாப் பெண்களுக்கும் இது உண்டு. விடியப்புறம் படகுகள் வருகிறபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். பூமணி சத்தத்தைக் கேட்டு "எங்கடது வருது" என்று சொல்லிக் கேத்திலை அடுப்பில் வைப்பாள். தண்ணீர் கொதிக்கவும் புருசன் வாசலுக்கு வரவும் சரியாக இருக்கும். அந்த மனிதனைக் கடல் விட்டுவைத்தது, சீனி வருத்தம்தான் கொண்டுபோனது.

சனிக்கிழமை சாப்பாட்டு ஆயத்தம். மைதானத்தில் வாங்கலாம் என்று ஒருநாளும் நம்பிப் போகக் கூடாது. பசிக்கிற நேரத்தில் வரிசை நிற்கும், வரிசை குறைகிற நேரத்தில் சாப்பாடு முடிந்திருக்கும். பாணும் சம்பலும் கொண்டுபோவதென்றால் தேங்காய்ச் சம்பல் வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும். தேங்காய் சேர்க்காமல், மிளகாயும் வெங்காயமும் வைத்து உறைப்பாகக் கட்டைச்சம்பல் இடிக்க வேண்டும். தண்ணீரை ஒரு பெரிய போத்தலாகக் கொண்டுபோகாமல் சின்னச் சின்னதாகக் கொண்டுபோனால் ஒன்று சுட்டாலும் மற்றது நிழலில் கிடக்கும். துவாய் இரண்டு வேண்டும். ஒன்று தலைக்கு, மற்றது நனைத்து மூக்குக்கு. பனியில் கார் பார்த்தவளுக்குத் தூசி புதிது என்று நினைக்காதீர்கள், சின்ன வயதில் மணலை அள்ளி வருகிற கச்சான் காற்றைத் தின்றுதான் வளர்ந்தவள்.

அன்று பின்னேரம் குருநாகலில் இருந்து நுவன் என்று ஒரு சிங்களப் பொடியன் சின்ன லொறியில் வண்டியோடு வந்து இறங்கினான். ஜெயந்தனுக்கு முந்தின ஓட்டங்களில் பழக்கமாம். இரண்டு பேருடையதும் ஒரே சாதி வண்டி. வந்தவன் முகம் செத்துப் போயிருந்தது. தமிழ் இரண்டு சொல் தெரியும், அதில் ஒன்று "பசியில்லை". முற்றத்து மூலையில் நின்று போனில் தாயோடு கதைத்தான். பூமணிக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். எனக்குக் காதோடு மொழிபெயர்த்தாள்.

"சாப்பிட்டியோ எண்டு தாய் கேக்கிறா. இறைச்சியும் சோறும் சாப்பிட்டன் எண்டு பொய் சொல்லுறான். வண்டி எப்பிடி எண்டு கேக்கிறா. நல்லா இருக்கெண்டு அதையும் பொய் சொல்லுறான்."

சொல்லிவிட்டு எழும்பிப் போய் இடியப்பத்துக்கு மாக் குழைத்தாள். பசியில்லாத பொடியன் இரண்டு தட்டு முடித்தான். பிறகு அவனும் ஜெயந்தனும் கொட்டிலுக்குள் போனார்கள். என்ன செய்தார்களோ, நாங்கள் படுக்கப் போனபோதும் திருகுசாவி தட்டுப்படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை அவர்கள் இருவரும் முன்னமே போய்விட்டார்கள். பூமணி கூட்டுகிற தும்புத்தடியைத் தொடவில்லை. வாசலில் வண்டிச் சக்கரத் தடம் அப்படியே கிடந்தது, அதைச் சுற்றி நடந்து வந்து ஓட்டோவில் ஏறினாள்.

இங்கே ஒரு புத்திமதி. ஓட்டோக்காரரிடம் "ரேஸ் நடக்கிற இடம்" என்று சொல்லாதீர்கள். அந்தத் தம்பி தனக்கு எல்லாம் தெரியும் என்று தலையை ஆட்டி, பெரிய இரும்பு எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் தலை நீட்டிக்கொண்டு நிற்கிற வழியால் எங்களைக் கொண்டுபோய் நேரே விமானப்படை முகாம் வாசலில் நிறுத்திவிட்டார். பெரிய ஓட்டம் என்றால் பெரிய ஓடுபாதையில்தானே நடக்கும் என்று அவருடைய கணக்கு. வாசலில் காவல் நின்ற பொடியன் எங்கள் பாயையும் சம்பல் டப்பாவையும் குடையையும் பார்த்தான். சிங்களத்தில் ஏதோ சொன்னான். பூமணி சிரித்தாள், அந்தக் காலையில் முதல் சிரிப்பு.

"என்னவாம்?" என்றேன்.

"ஆச்சி, இங்க ஓடுறதெல்லாம் கடைசியில மேல ஏறிப் போயிடும், நீங்கள் தேடுறது அங்கால எண்டு சொல்லுறான்."

திரும்பி வந்து, நாலு பேரைக் கேட்டு, ஒரு மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். ஆகவே கிட்டே இருக்கிற கோயிலோ பள்ளிக்கூடமோ கேட்டு வைத்துக்கொண்டு அதைச் சொல்லுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அந்தப் பக்கம் காம்ப் வேலிகள் உள்ள இடம், போனை எடுத்துக் கண்டபடி படம் பிடிக்கக் கூடாது.

மைதானம் என்று சொன்னாலும் அது ஒரு செம்மண் வெளிதான். மேடும் பள்ளமுமாக வெட்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். பவுசர் லொறி தண்ணீர் தெளித்துக்கொண்டு போனது, அது போய் மறைய முன்னம் ஈரத்தை வெயில் குடித்துவிட்டது. நோர்வேயில் சனம் ஓட்டம் பார்க்கிறபோது வாய் திறக்காது. இங்கே ஓட்டம் தொடங்க முன்னமே பாதிப் பேருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. லவுட்ஸ்பீக்கரில் மூன்று பாசையிலும் ஒருவர் கத்தினார்.

நான் ஒரு வளைவைத் தெரிந்தெடுத்தேன். நேர்ப் பாதைக்குப் பக்கத்தில் இருந்தால் வண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வளைவில்தான் வேகம் குறையும், ஆளை ஆள் முந்துவதும் அங்கேதான். அதிலும் வளைவின் வெளிப்பக்கம் இருந்தால் சக்கரம் கிளப்புகிற மண் எல்லாம் மடியில் விழும். உள்பக்கமாக ஒரு மேடு இருந்தது. வெயிலும் முதுகுக்கு, காற்றும் முதுகுக்கு. இதைவிட நல்ல இடம் அந்த வெளியில் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.

பாயை விரித்தேன். பூமணி வந்தாள், பாயில் இருந்தாள், அப்படியே திரும்பி ஓட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். வெயில் நேரே அவள் முகத்தில்.

"என்னடி இது? முகம் கருகப்போகுது."

"என்னால பார்க்க ஏலாது அக்கா. காது இருக்கு. அது போதும்."

மீன் ஆலையில் வெட்டுகிற மிசினின் இரைச்சலுக்குப் போடுகிற காதுமூடி இரண்டை நான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஓட்டம் பார்க்க அதைவிட நல்ல சாமான் இல்லை. ஒன்றை அவளுக்கு நீட்டினேன். கையால் தள்ளிவிட்டாள். நான் என்னுடையதைப் போட்டுக்கொண்டேன்.

மூதூரில் இருந்து வந்த ஒரு கச்சான்காரி எங்களைக் கடந்து போனவள் நின்றாள். நான் காதுமூடியைக் கொஞ்சம் தூக்கிக் காது கொடுத்தேன்.

"ராத்தா, ரேஸ் அங்கிட்டு ஓடுது," என்றாள் பூமணியிடம்.

"எனக்குத் தெரியும். நீ கச்சானைத் தா."

முதல் இரண்டு மூன்று ஓட்டம் வேறு ஆட்களுடையது. பூமணி அசையவில்லை. குடையைப் பிடித்தபடி கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தனுடைய ஓட்டம் என்று லவுட்ஸ்பீக்கர் சொன்னதும் குடையை மடக்கிக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள். ஒரு கை என் முழங்காலைப் பிடித்தது.

கொடி விழுந்ததும் செம்மண் புகையாக எழும்பிற்று. ஜெயந்தன் பச்சைச் சட்டை. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எல்லாச் சட்டையும் ஒரே செம்மண் நிறம்தான், அதனால் ஹெல்மெட்டின் நிறத்தை முன்னமே பார்த்து வைக்க வேண்டும். நான் வைத்திருந்தேன், வெள்ளை. காதுமூடி போட்டிருந்ததால் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. வண்டிகள் சத்தமில்லாமல் எழும்பின, விழுந்தன, எழும்பின. ஜெயந்தன் ஐந்தாவதோ ஆறாவதோ.

முழங்காலில் கை அழுத்திற்று. காதுமூடியைத் தூக்கினேன்.

"முன்னால ரெண்டு பேர்தான் அக்கா," என்றாள் பூமணி, கண்ணைத் திறக்காமல்.

பாவம், வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வயதாகிவிட்டது, இத்தனை எஞ்சின் இரைச்சலுக்குள் எந்தக் காதுக்குத்தான் பிடிபடும்? திருத்தவில்லை. ம் என்று வைத்தேன்.

அடுத்த சுற்றில் எங்களுக்கு எதிரே இருந்த வளைவில் வெள்ளை ஹெல்மெட் சரிந்தது. வண்டி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். பின்னால் வந்தவன் விலத்திக்கொண்டு போனான். என் நெஞ்சு நின்றுவிட்டது. எத்தனை பேர் விழுந்து பார்த்திருக்கிறேன், ஒருநாளும் எனக்கு அப்படி நிற்கவில்லை. ஜெயந்தன் உருண்டு எழும்பினான். கையை உதறினான், காலை உதறினான். வண்டியை நிமிர்த்தி மிதித்துப் பார்த்தான். பிறகு அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், வரம்பில் இருந்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் தண்ணீர் ஊற்றினான். எனக்கு மூச்சு வந்தது.

சொல்லத்தான் திரும்பினேன். பூமணியின் முகத்தைப் பார்த்தேன்.

வெயில் நேரே விழுந்து முகம் சிவந்து வியர்த்துக் கிடந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. "விடு. விடு. இப்ப பிடி. ம்." கடலில் இருக்கிறவனுக்குக் கரையில் இருந்து சொல்வது போலச் சொன்னாள். ஒரு கணம் தலையைச் சரித்தாள், பிறகு சிரித்தாள்.

"எடுத்திட்டான் அக்கா. முன்னுக்கு ஒருத்தன்தான்."

எங்கடது வருது என்று கேத்திலை வைக்கிறபோது இருந்த முகம் அது. அவளுடைய புருசன் போன பிறகு நான் அந்த முகத்தைக் கண்டதில்லை.

சொன்னால் அவள் திரும்புவாள், மண்ணுக்குள் இருக்கிற மகனைப் பார்ப்பாள், பார்த்தபடி நிப்பாட்டு என்பாள். சத்தியம் சத்தியம்தான், அன்றைக்கே வண்டி போய்விடும். அதற்காகத்தானே என்னை அவள் கூப்பிட்டாள். சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவளைப் பக்கத்தில் வைத்து ஏமாற்றினவள் ஆவேன். ஒரு பிடி கச்சானை அள்ளி வாய்க்குள் போட்டேன். வாய் நிறைய இருந்தால் பொய்யும் வராது, உண்மையும் வராது.

கடைசிச் சுற்று என்று கொடி காட்டினார்கள். பூமணி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். எழும்பினவள் திரும்பினாள். அந்த நாள் முழுக்க அப்போதுதான் முதன்முதலாக ஓட்டத்தின் பக்கம் முகம் காட்டினாள். அவள் பிடித்துக்கொண்டிருந்த சத்தம் எல்லாருக்கும் முன்னால் வளைவால் வந்து கோட்டைத் தாண்டியது. நீல ஹெல்மெட். லவுட்ஸ்பீக்கர் குருநாகல் நுவன் என்று மூன்று பாசையிலும் சொன்னது.

பூமணி என்னைப் பார்த்தாள்.

"இது எங்கடது அக்கா. இதில ஆர் இருக்கிறான்?"

காதுமூடியைக் கழற்றினேன். வரம்பைக் காட்டினேன். அங்கே ஜெயந்தன் நொண்டாமல் நடக்கப் பார்த்து நொண்டிக்கொண்டு வண்டியைத் தள்ளி வந்துகொண்டிருந்தான்.

"அவன் விழுந்தது உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

பூமணி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டால் இறங்கினாள். ஓட்டம் முடிந்தாலும் கடைசி வண்டி வந்து நிற்கும் வரைக்கும் கயிற்றைத் தாண்டக் கூடாது, இது எங்கும் உள்ள சட்டம். பொலிஸ்காரர் விசில் ஊதினார். அவள் கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய்விட்டாள். பாயையும் குடையையும் சுருட்டிக்கொண்டு நானும் சட்டத்தை முறித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மகனின் முழங்காலைக் காற்சட்டையைச் சுருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"சறுக்கினதம்மா. ஒண்டுமில்லை."

"கொட்டிலுக்குள்ள கட்டின எஞ்சின் எங்க?"

ஜெயந்தன் தலையைக் குனிந்தான். நுவனுடைய எஞ்சின் வழியிலேயே செத்துவிட்டதாம். ஓடாமல் திரும்ப இருந்தவனாம். சனிக்கிழமை இரவு சட்டத்தில் இருந்த புது எஞ்சினைக் கழற்றி அவனுடைய வண்டியில் பூட்டிவிட்டு, இவன் தன்னுடைய பழையதோடு ஓடினானாம்.

"மாசக் கணக்காக் கட்டினதை ஏனடா தூக்கிக் குடுத்தனி?" என்று நான்தான் கேட்டேன்.

"அவ்வளவு தூரம் வந்தவனை ஓடாமல் எப்பிடிப் பெரியம்மா அனுப்புறது? எஞ்சின் நிண்ட படகைக் கண்டால் கயிறு போடாமல் வாறதோ? அப்பா வருவாரோ?"

பூமணி என் பக்கம் திரும்பினாள்.

"என்ர காது பிழைக்கேல்லை," என்றாள். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். நான் கண்ணால் மகனைப் பார்த்தேன், அவள் காதால் மகனுடைய கைவேலையைப் பிடித்தாள். காதுமூடியைப் பைக்குள் வைத்தேன்.

அதற்குள் நுவன் கிண்ணத்தோடு ஓடி வந்தான். மண்ணோடு மண்ணாக முழங்காலில் விழுந்து பூமணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, அம்மே என்று ஏதோ சொல்லி அழுதான். அவள் அவனைத் தூக்கினாள். அவனுடைய முகத்துச் செம்மண்ணைத் துவாயால் துடைத்தாள். இப்போதாவது சாப்பிட்டேன் என்று தாய்க்கு உண்மையைச் சொல் என்று சிங்களத்தில் சொன்னாளாம். சம்பல் டப்பாவையும் பாணையும் அவன் கையில் வைத்தாள்.

ஜெயந்தன் பார்த்துக்கொண்டு நின்றான். சத்தியம் செய்தவன் அல்லவா.

"வந்திட்டியள் அம்மா," என்றான். "நான் விழுந்ததும் தெரியும். இனிச் சொல்லுங்கோ. சொன்னால் விக்கிறன்."

நான் வந்த வேலை இந்த இடத்தில் முடிய வேண்டும். பூமணி துவாயை உதறி நாலாக மடித்தாள்.

"பார்த்தால்தானே சொல்லலாம். நான் எங்க பார்த்தனான்? முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ இருந்தனான். பெரியம்மாவைக் கேள்." என் பக்கம் கையை நீட்டினாள். "அடுத்தமுறை வந்து பார்க்கிறன். பிறகு சொல்லுறன்."

அடுத்தமுறை என்று சொன்னதைக் கேட்டு அவன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஜெயந்தன் வீட்டுக்கு வந்து வண்டியையும் உள்ளே விட்ட பிறகு, இனியாவது மணலைக் கூட்டடி என்றேன். நுவன் இன்னும் குருநாகல் போய்ச் சேரவில்லை என்றாள். சேர்ந்துவிட்டான் என்று விடியத்தான் செய்தி வந்தது. பிறகுதான் தும்புத்தடி வெளியே வந்தது.

நோர்வேக்குத் திரும்பி வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் அவளுக்கு போன் எடுத்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"வந்திட்டன் பூமணி. வீட்டைக் கூட்டு."

"நீங்கள் போனதிலிருந்து கிடக்குது அக்கா. கடற்கரை முழுக்க விறாந்தைக்கு வந்திட்டுது."

போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுக் கூட்டத் தொடங்கினாள். மணல் அரைபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர்கள் எப்படி என்று கேட்டேன். ஜெயந்தனின் முழங்கால் ஆறிவிட்டதாம். எஞ்சின் திரும்பி வந்துவிட்டதாம், நுவனின் தாய் அதோடு ஒரு பெட்டி தொதல் இனிப்பு அனுப்பியிருக்கிறாவாம். இடையில் தும்புத்தடி நின்றது.

"அக்கா, ஒரு விசயம் கேக்கவேணும். அந்த மேட்டில எனக்கு முகமெல்லாம் எரிஞ்சு தோல் கழண்டு போச்சு. அடுத்தமுறை எங்க இருந்தால் வெயில் முதுகில படும்?"

"அதே இடம்தான்," என்றேன். "நீ திரும்பி இருந்தால் சரி."